என் உப்பளத்தில் பறவை எண்ண வந்தவர்கள்

மஸ்கட்டில் ஒருவன் என் கடைக்கு எதிரே நின்று பைனாகுலர் வைத்துப் பார்த்தால், டீ ஆறுவதற்குள் போலீஸ் வந்துவிடும். தூத்துக்குடியில் என் சொந்த உப்பளத்தையே விடிகாலையில் மூன்று பேர் முக்காலி நட்டுத் தொலைநோக்கிக் குழல் வழியாகப் பார்க்கிறார்கள். கேட்க ஆள் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று மஸ்கட்டில் இரண்டு ஹார்டுவேர் கடை, ஊரில் இந்த ஆறு ஏக்கர். யாரும் தூக்கிவிடவில்லை. அளத்தை மேடாக்கிக் கண்டெய்னர் நிறுத்த இடம் அமைத்துவிட்டால், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிடலாம் என்பது என் திட்டம். மறுநாள் சரள் மண் லாரிகள் வர ஏற்பாடு. இந்த நேரத்தில் குழல் வைத்துப் பார்க்கிறவர்கள் சும்மாவா பார்ப்பார்கள்?

"என்னம்மா அளக்கிய?" என்றேன்.

"அளக்கல சார், எண்ணுதோம். உள்ளான் குருவி வந்திருக்கு, சைபீரியாப் பக்கமிருந்து" என்றார் அவர்களில் மூத்தவர். கல்லூரி டீச்சராம்.

எண்ணுகிறோம் என்ற சொல்லே எனக்கு ஆகாது. வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இது புரியும். நான் போன புதிதில், கம்பெனி ஆள் ஒருவன் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தொழிலாளர் முகாம் வாசலில் நின்று, விரலை நீட்டி அரபியில் தலை எண்ணிவிட்டுப் போவான். மறுநாள் இரண்டு கட்டில் காலியாகக் கிடக்கும். நல்லதுக்கு எண்ணியவனை நான் பார்த்ததில்லை.

"எண்ணி யாருகிட்ட குடுப்பிய?"

"வனத்துறைக்கு. பறவை இருக்க எடத்துல மண்ணடிக்கக் கூடாதுன்னு மனுவும் போடுவோம்."

நினைத்தது சரியாகப் போயிற்று. "எங்கியோ கெடந்து பறந்து வந்து, நாலு மாசம் தின்னுட்டுப் போற வெளிநாட்டுப் பறவைக்கு எங்க ஊரு நெலத்துல என்னம்மா பாத்தியதை?"

அளத்தைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மாள் வரப்பில் உட்கார்ந்தபடி சிரித்தாள். "ஏன் அண்ணாச்சி கோவப்படுதிய? அது வருசந் தவறாம வருது. நீங்கதான் மூணு வருசமா வரல."

டீச்சரோடு வந்த இருவரும் குழலுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்கள்.

இப்படிப் பேச இவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அரபிக்காரனோடு அரபியிலேயே சண்டை போட்டு ஜெயித்த வாய் இது, அன்றைக்கு லாரிக்காரரிடம்தான் பேசியது. போனை எடுத்து, "நாளைக்கு வேண்டாம், நான் சொல்லும்போது வாரும்" என்றேன். பறவைக்காக இல்லை. வழக்கு விழுந்த நிலத்தை மஸ்கட்டில் இருந்துகொண்டு காப்பாற்ற முடியாது. ஆக, இந்த முறையும் டிக்கெட்படி மஸ்கட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, டீச்சர் நோட்டை விரித்துக் காட்டினார். இடது பக்கம் இங்கேயே இருக்கும் பறவைகள், வலது பக்கம் வந்து போகிறவை. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. அவர் சொன்னதை நம்ப வேண்டியதுதான்.

அவர்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரப்புக்குப் போனார்கள். நான் தண்ணீரோரம் தனியாக நின்றேன். உள்ளான்கள் என்னைக் கண்டு எழவில்லை. திரும்பினால், டீச்சரின் குழல் என்னை நோக்கி இருந்தது. கண்ணை எடுத்தார்; குனிந்து நோட்டில் ஏதோ குறித்தார். எந்தப் பக்கத்தில் என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.