பூமி தட்டையாம், கறுத்த விரல் ஆறுமாம்

முதலில் கறுத்தது வலது காலின் சுண்டுவிரல். தேயிலைக்கு மருந்தடிக்கப் போகும்போது என் கணவர் மாட்டும் ரப்பர் பூட்சுக்குள் ஒரு சின்னக் கல் கிடந்திருக்கிறது. காலையிலிருந்து அதன் மேலேயே மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கியிருக்கிறார், உறைக்கவே இல்லை. இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, உள்ளவர் கால் அப்படித்தான். வீட்டு வாசலில் பூட்சைக் கவிழ்த்தபோது ரத்தத்தோடு கல் விழுந்தது. "ப்ச்சு, சின்னக் காயம்லா" என்றார்.

அந்தச் சின்னக் காயம் சீழ் வைத்துப் பக்கத்து விரலுக்கும் தாவியது. எங்கள் மலை டவுனான தானா ராத்தாவில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு விரலையும் இப்போதே எடுத்தால் கால் தப்பும், நாள் கடத்தினால் காலே போகும் என்று டாக்டர் மலாயில் பொறுமையாகச் சொன்னார். இவர் எழுந்து விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார். நொண்டிக்கொண்டே என்ன வேகம்! பின்னாலேயே ஓடினேன்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டார். போனில் எவனோ ஒருவன் சொன்ன இலைக்கட்டுதான் வைத்தியம். கட்டைப் பிரித்தால் வீடு முழுக்க வாடை. கேட்டால், பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு கதையை எடுத்து என் மேல் வீசுவார்.

"அந்தக் காலத்துல வேதக்காரங்க, சாமியாருங்க, படிச்சவங்க எல்லாரும் பூமி தட்டைன்னாங்க. கிழக்குச் சீமைக்கு வழி தேடி மேற்கே கப்பல் விட்டானே, அவன் ஒருத்தன்தான் உருண்டைன்னான். கடைசியில யாரு ஜெயிச்சா? ஊரே ஒரு பக்கம் நின்னா அது சரின்னு ஆயிடுமா?"

அழுதேன். சோறு போட மாட்டேன் என்று மிரட்டினேன். முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டேன். கோலாலம்பூரில் இருக்கும் மகள் போனில் தொண்டை கிழியக் கத்தினாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. அவர் தூங்கும்போது அந்தக் காலைத் தொட்டுப் பார்ப்பேன், அடுப்பில் வைத்த மாதிரி கொதிக்கும். இந்த மனிதரைக் கண்ணெதிரே பறிகொடுக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு ஒரு வேதக்கார அக்கா, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் மனசு கேட்காமல் ஒரு நாள் வந்து, "தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. தினம் உங்களுக்காக ஜெபம் பண்றேன்" என்றார்.

"பூமி தட்டைன்னு சொன்ன கூட்டம்தானே நீங்க? எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்களாக்கும்" என்றார் இவர்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க அக்கா பின்னாலேயே அவர் வாசலுக்குப் போனேன். அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. உள்ளே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார். "குழந்தை ஏசு கையில என்ன வச்சிருக்காரு பாரு. அதுதான் உலகம்னு எங்கம்மா சொல்லுவாங்க. உருண்டையாத்தானே இருக்கு? தட்டு மாதிரி தட்டையாவா வச்சிருக்காரு?"

அட, ஆமாம்! அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. மறுநாள் மலையில் தேயிலை வெட்டிவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில், போனுக்கு லைன் கிடைக்கிற மேட்டில் போய் நின்று தேடினேன். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. அந்தக் காலத்துச் சாமியார்களே பூமி உருண்டை என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். ராஜாக்கள்கூட உலகம் என்று கையில் உருண்டையைப் பிடித்திருக்கிறார்கள். தட்டை என்று நம்பினார்கள் என்பது ரொம்பக் காலம் கழித்து யாரோ கட்டிவிட்ட கதை.

அதற்குக் கீழே இருந்ததை மூன்று தடவை படித்தேன். படித்தவர்கள் அந்த மாலுமியைத் தடுத்தது, கடல் அவன் நினைப்பதைவிடப் பெரிது, போய்ச் சேருமுன் தண்ணீரும் சாப்பாடும் தீர்ந்து செத்துப்போவான் என்றுதான். அவர்கள் சொன்னது சரி. அவன் கணக்குத்தான் தப்பு. அவர்கள் யாரும் அறியாத ஒரு தேசம் நடுவில் குறுக்கிட்டதால் பிழைத்தான்.

வீட்டுக்கு வந்தவள் பூட்சைக்கூடக் கழற்றவில்லை. போனை அவர் மடியில் போட்டேன்.

"படிங்க! தட்டைன்னு யாரும் சொல்லல. நீ போற தூரத்துக்குச் சோறு தண்ணி தாங்காதுன்னுதான் அந்தக் கப்பல்காரன்கிட்ட சொன்னாங்க. அவன் நல்ல நேரம், நடுவுல தரை வந்துச்சு. உங்களுக்கு என்னங்க வரும்? இந்த விரலுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவுல என்ன தரை இருக்கு, சொல்லுங்க!"

கத்தினேனா அழுதேனா, எனக்கே தெரியவில்லை. அவர் படித்தார். மறுபடியும் மேலே தள்ளிப் படித்தார். போனைக் கீழே வைத்தார்.

"கெரெத்தா ஒண்ணு பாரு. போலாம்" என்றார். கார் பிடிக்க ஓடினேன்.

தானா ராத்தாவில் பார்த்த உடனேயே மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விஷம் கெண்டைக்கால் வரை ஏறிவிட்டிருந்தது. விரல் பேச்சே இல்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். உயிர் இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும்.

மயக்கம் தெளிந்ததும் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். மெதுவாக மூடினார். அழுவார் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார்.

"அந்தக் கப்பல்காரன் கதையை நீ முன்னாடியே தேடிப் படிச்சிருக்கக் கூடாதா?"

அடப் பாவி மனுஷா என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் வம்புக்குக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார்.