வேண்டாம் என்று சொல்லாத டீச்சர்

அந்த மஞ்சள் பை வெள்ளிக்கிழமை காலையில் வரும்போது ஒட்டிப்போய் இருக்கும். சாயங்காலம் பஸ் ஏறும்போது உப்பியிருக்கும். டீச்சரை நினைக்கும்போதெல்லாம் அவர் முகத்துக்கு முன்னால் அந்தப் பைதான் வருகிறது. இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. பதினோரு மாதம் ஒரு மனுஷியோடு சேர்ந்து வேலை பார்த்தேன். அவர் கண்ணைப் பார்த்ததைவிட அவர் பையைப் பார்த்ததுதான் அதிகம்.

தொண்ணூறுகளின் நடுவில், அகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்ப் பால்வாடியில் நான் ஆயாவாக இருந்தேன். வயது இருபத்து நாலுதான். ஆனாலும் சமைத்துப் போட்டு மூக்குத் துடைத்துவிடுகிறவளுக்குப் பெயர் ஆயா. பத்தாவது பாஸ் செய்திருந்தேன். பழைய டீச்சர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி எனக்குத்தான் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். வந்து உட்கார்ந்ததோ ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண்மணி ஒருவர். நாற்பது வயதிருக்கும். மூன்று வயதுப் பிள்ளையிடமும் "ஏனுங்க கண்ணு, சாப்டீங்களா?" என்றுதான் கேட்பார். நாங்கள் பிள்ளைகளை "ஏலே" என்று அதட்டிப் பழகியவர்கள். இம்புட்டு மரியாதை சும்மா வராது, உள்ளே ஏதோ இருக்கிறது என்று முதல் நாளே எனக்குத் தோன்றிவிட்டது.

மத்தியானம் தட்டில் சோறு விழுந்ததும் யாரும் உடனே சாப்பிடக் கூடாது. முதல் வாய் பக்கத்துப் பிள்ளைக்கு. பிஞ்சு விரலால் சாம்பார் சோற்றை உருட்டி அடுத்தவன் வாயைத் தேடும்போது பாதி மூக்கில் போகும், பாதி சட்டையில் வழியும். கழுவிவிடுகிறவள் நான். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் இன்னொன்றை ஆரம்பித்தார். உங்களுக்குப் பிடித்த ஒரு பொருளைப் பிடித்த ஒருவருக்குக் கொடுங்கள் என்பார். கொடுத்த பிள்ளையைக் கூப்பிட்டு, "இப்ப வயித்துக்குள்ள எப்படி இருக்குதுங்க?" என்று கேட்பார். ஒருவன் யோசித்துவிட்டு, "கூசுது" என்றான். "அதேதானுங்க," என்று டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிள்ளைகளுக்குப் பிடித்த ஆள் டீச்சர்தான். அதனால் பாதிப் பொருள் அவரிடமே வந்தது. கொய்யாக்காய், தக்காளி, பூ என்று எது வந்தாலும் மறுக்க மாட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் போட்டுக்கொள்வார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். வீட்டிலிருந்து எடுத்துவரப் பிள்ளைகளைப் பழக்குகிறாள், தன் பையை நிரப்பிக்கொள்கிறாள். "என்ன டீச்சர், பை கனக்குது போல?" என்று ஒருநாள் குத்தலாகக் கேட்டேன். "ஆமாங்க, நல்ல கனம்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குக் கள்ளச் சிரிப்பாகவே பட்டது. அன்றைக்கே ஒரு தபால் அட்டையில் பெயர் போடாமல் மேலதிகாரிக்கு எழுதிப் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, செவ்வந்தித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவளின் மகள், நாலு வயதுக்காரி, தரையில் உட்கார்ந்து ஒரு கால் கொலுசைக் கழற்றினாள். திருகாணியோடு மல்லுக்கட்டிக் கழற்றி டீச்சர் கையில் வைத்தாள். டீச்சர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு வழக்கம்போலக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டார். சமையலறைக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தப் புள்ளையோட அம்மாவைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க. புள்ளைக்குத் தெரியாம அவங்க கையில குடுத்தரணும். அது முன்னால வச்சுத் திருப்பிக் குடுத்தா அதுக்கு மனசு விட்டுப்போயிருமுங்க."

நான் தோட்டத்துப் பாதையில் பாதி தூரம் போனேன். புளியமரத்தடியில் நின்றேன். சொல்லாமல் விட்டால் இவள் திருப்பிக் கொடுப்பாளா, பார்க்கலாம் என்று ஒரு எண்ணம். செத்த நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். "வாரேன்னுச்சு டீச்சர்," என்றேன்.

வந்தது ஜீப். அதிகாரி அம்மா இறங்கி நேராகப் பையைத்தான் கேட்டார். அதே நேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாய், ஒரு காலில் கொலுசு இல்லாததைப் பார்த்துச் சத்தம் போட்டாள். பை பாயில் கவிழ்க்கப்பட்டது. பாதி கடித்த கொய்யா, உடைந்த வளையல் துண்டு, நமத்துப்போன முறுக்கு, புளியங்கொட்டைகள், நசுங்கிய செவ்வந்தி. கடைசியாகக் கொலுசு விழுந்தது.

"பிள்ளைக நீட்டறப்ப வேண்டாம்னு சொல்லக்கூடாதுங்க. ஒருக்கா வேண்டாம்னா அடுத்தவாட்டி அந்தக் கை நீளாதுங்க," என்றார் டீச்சர். "அம்மாவைக் கூட்டிட்டு வரச்சொல்லி இவங்களை அனுப்பியிருந்தனுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். பாயில் கிடந்த குப்பையிலேயே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் சொன்னேன்: "எங்கிட்ட எதுவும் சொல்லலைங்கம்மா."

டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். "நாந்தான் குடுத்தேன், நாந்தான் குடுத்தேன்," என்று பிள்ளை அழுதது. "தாய்மாமன் போட்ட கொலுசுடீ! இனிமே குடுப்பியா? குடுப்பியா?" என்று தாய் அந்தப் பிஞ்சுக் கையிலேயே அடி போட்டாள். மறுவாரம் டீச்சருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பிள்ளைகள் ரோட்டோரம் நின்று பஸ் போவதைப் பார்த்தார்கள். புது ஆள் வரும்வரை பால்வாடியை என்னிடம் விட்டார்கள். ஆசைப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தபோது வயிற்றுக்குள் கூசியது. அந்தப் பையன் சொன்ன கூச்சம் இல்லை இது.

ஒரு வருஷம் தாங்கினேன். பிறகு விசாரித்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கே போனேன். அட்டை எழுதியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியுமுங்க," என்றார். "அன்னைக்கு உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுதுங்க." திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "கொலுசு குடுத்த அந்தக் கண்ணு இப்ப யாருக்காச்சும் ஏதாச்சும் குடுக்குதுங்களா?"

"இல்லைங்க டீச்சர்."

பையைக் கவிழ்த்த அன்று கலங்காதவர், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊர் திரும்பியதும் அதிகாரிக்கு மறுபடி எழுதினேன், இந்தத் தடவை பெயர் போட்டு. பதில் வரவில்லை.

அந்தப் பிள்ளை அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாவது படித்தாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போய் அவள் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினேன். "தாயி, ஆயாவுக்கு ஒரு வாய் குடேன்."

தட்டை மடியோடு அணைத்துக்கொண்டு என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம் ஆயா. குடுத்தா உன்னயும் பஸ் ஏத்தி அனுப்பிருவாங்க."