மூங்கில் புதரும் என் பேனாவும்

போன ஞாயிற்றுக்கிழமை பினாங்கிலிருந்து ஃபெர்ரி ஏறி, அக்கரையில் பஸ் பிடித்து, சுங்கை பாக்காப் தென்னந்தோட்டத்தில் போய் இறங்கினேன். மாலை போடாத குறைதான்... அப்படி ஒரு வரவேற்பு!

தோட்டத்துக் கங்காணி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீங்க பேப்பர்ல எழுதினதப் படிச்சிட்டு அன்னைக்கே ஆள விட்டு அந்த மூங்கில் பொதர வெட்டிக் கொளுத்திட்டேன். இல்லாட்டி அந்தப் புழு தென்னைக்கெல்லாம் பரவியிருக்கும் லா!"

மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டேன்.

நினைவிருக்கிறதா? மூன்று வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார், என் சிநேகிதர் சூசை எனக்குக் காட்டியது. அழகு என்று சொல்லிவிட முடியாது. காப்பித்தூள் நிறம். தடித்த உடம்பு, பெரிய கண்கள், தூண்டில் முள் மாதிரி நுனி வளைந்த மீசை. முன்சிறகில் மட்டும் வெளிச்சம் ஊடுருவுகிற சில வெள்ளைப் புள்ளிகள். அது பறக்காது — துள்ளும்! வடக்கே ஜுரு ஊர் வரைக்கும் ஆறு வருஷமாக ஓடை ஓடையாகத் தேடியிருக்கிறார் சூசை. இங்கே ஓடைக்கரையில் இருந்த ஒரே ஒரு மூங்கில் புதரைத் தவிர வேறெங்கும் அவர் கண்ணில் படவில்லை.

"எடத்த மட்டும் எழுதிடாதீங்கண்ணே" என்று கெஞ்சினார். நான் கேட்டேனா? ருசியாக எழுத வேண்டுமே! தோட்டம், ஓடை, புதர், அதன் புழு இலையைச் சுருட்டி நூலால் தைத்துக்கொண்டு உள்ளே ஒளிவது — எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இலை சுருட்டும் புழு என்றால் தென்னை வளர்ப்பவருக்குப் பகீரென்று இருக்காதா? கங்காணியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒன்பது வருஷமாக எழுதுகிறேன். எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி மட்டும் எத்தனை தடவை! ஒருத்தர் மண்வெட்டியைத் தூக்கவில்லை. இதற்கு மட்டும்... அன்றைக்கே வெட்டுக்கத்தி.

சூசை ஓடைக்கரையில் கரிந்த மூங்கில் கட்டைகளுக்கு நடுவே குனிந்து தேடிக்கொண்டிருந்தார். "தினமும் வந்து பாக்குறேன். ஒண்ணுகூட இல்லண்ணே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனுஷன் திட்டவில்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சூசை, இனிமே இதப் பத்தி ஒரு வரி எழுத மாட்டேன்" என்றேன்.

"எழுதுங்கண்ணே. இனிமே எடத்தையும் தாராளமா எழுதலாம்."

எழுதிவிட்டேன்.