வாய்க்காலில் வந்த மட்டை

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பால்காரர் செம்பை நீட்டினால் பாலைப் பார்க்குமுன் அவர் முகத்தைப் பார்ப்பேன். யுத்த காலத்துத் தூத்துக்குடியில் இது ஒரு குறையாகத் தெரியவில்லை. துறைமுகச் சுவரெல்லாம் ஒற்றர்கள் ஜாக்கிரதை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

தண்ணீர் இலாகாவின் செக்ஷன் ஆபீசில் நான் குமாஸ்தா. ஊருக்கு மேற்கே, ஆற்று வாய்க்கால் வந்து விழும் கடைசிக் குளத்தின் கரையில் எங்கள் ஓட்டுக் கட்டடம். எங்களுக்கு மேலே சப்டிவிஷன், அதற்கு மேலே திருநெல்வேலியில் டிவிஷன், அதற்கும் மேலே சர்க்கிள். அதே வாய்க்காலில் நாலு மைல் மேலே இருந்த மடை வேறொரு சப்டிவிஷனைச் சேர்ந்தது. சைக்கிளில் அரை மணி நேரம். ஆனால் ஒரு செக்ஷன் இன்னொரு செக்ஷனுக்கு நேரே எழுதக் கூடாது. ‘நாளை மடை திறக்கிறோம்’ என்கிற ஒற்றை வரி அந்தப் பக்கம் டிவிஷன்வரை ஏறி, எங்கள் பக்கம் இறங்கி வருவதற்குள் அந்தத் தண்ணீர் கடலில் கலந்து நாலு நாள் ஆகியிருக்கும்.

இருந்தும் எங்கள் லஸ்கர், மேல்மடைத் தண்ணீர் வருமுன்பே குளத்தின் உபரி நீர் வெளியேறும் மறுகாலின் பலகைகளைத் தூக்கி வைத்திருப்பார். குளத்து ஷட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மறுகால் தண்ணீர் உப்பளங்களின் ஓரமாக ஓடிக் கடலுக்குப் போகும். திடீரென்று பெருகினால் கரை தாண்டி உப்பளத்துக்குள் இறங்கிவிடும். அவர் காலத்தில் ஒரு தடவைகூட அப்படி இறங்கியதில்லை. இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரிகிறது? என் புத்தி அரிக்கத் தொடங்கியது.

ஒருநாள் காலையில் அவர் வாய்க்காலில் மிதந்து வந்த பனைமட்டைத் துண்டு ஒன்றை எடுத்து மடியில் செருகுவதைப் பார்த்தேன். அதில் பனைநாரால் மூன்று முடிச்சு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சந்தேகக்காரன் கேட்கமாட்டானே. ஒரு மாதம் ஒளிந்து ஒளிந்து பார்த்தேன். சில நாள் ஒரு முடிச்சு, சில நாள் இரண்டு. தண்ணீர்த் திருட்டு, இல்லாவிட்டால் எதிரிக்கு ஜாடை என்று முடிவு கட்டி, எங்கள் செக்ஷனுக்குத் தலைவரான ஓவர்சியருக்கும் சொல்லாமல் டிவிஷனுக்கு எழுதிப் போட்டேன். உறையின் மேல் ‘இரகசியம்’ என்று எழுதினால் படி ஏற வேண்டியதில்லை. மறுநாளே போய்ச் சேர்ந்தது.

விசாரணைக்கு டிவிஷனிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். லஸ்கர் ஒளிக்கவில்லை.

“மேல்மடையில இருக்கது எம் மச்சான்யா. மூணு முடிச்சுன்னா மூணு பலகை தூக்கப் போறான்னு அர்த்தம். மட்டையப் போட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சித்தான் தூக்குவான். அதுக்குள்ள நான் இங்கன மறுகாலத் திறந்துருவேன்.”

அதிகாரி சிரித்தார். ஆனாலும் மட்டை அனுப்புவது விதிக்கு விரோதம் என்று எழுதி, இருவரையும் எச்சரித்து, அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. மேல்மடையில் எல்லாப் பலகையையும் தூக்கினார்கள். எங்களுக்கு மட்டையும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. லஸ்கர் ஓடி முதல் பலகையைத் தூக்குவதற்குள் தண்ணீர் உப்பளத்தில் இறங்கிவிட்டது. வெள்ளை வெள்ளையாக நின்ற உப்பு அம்பாரங்கள் மத்தியானத்துக்குள் கரைந்துபோயின. அளத்துப் பெண்கள் கரையில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது: ‘மடை திறக்கப்படும், முன்னெச்சரிக்கையாக இருக்கவும்.’

“வெள்ளத்துக்கு மொத நாளே வந்ததா வரவுப் பதிவேட்டுல போடும்” என்றார் ஓவர்சியர். “டிவிஷன் கடுதாசி லேட்டுன்னு நாம எழுத முடியுமாவே? நான் சொல்லியும் தான் தொறக்கலன்னு லஸ்கர் பேருல ஒரு வாக்குமூலமும் எழுதும்.”

கடிதம்தான் மேலே ஏறும். பழி எப்போதும் பள்ளத்துக்குத்தான் பாயும். அது எனக்கு நன்றாகவே தெரியும். லஸ்கரின் வேலை போய்விடும் என்பதும் தெரியும். மறுத்தால் என் வேலை போகும் என்று பயந்தேன். முந்தின தேதியைப் போட்டேன். வாக்குமூலத்தையும் இங்கிலீஷில் எழுதினேன்.

லஸ்கர் வந்து மேஜையருகே நின்றார். கை நாட்டு வைக்கிறவர்.

“எந்தப் பாவி மட்டையப் பத்தி எழுதிப் போட்டானோ, அவன் வெளங்கமாட்டான்யா” என்றார். பிறகு காகிதத்தைக் காட்டி, “இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

“நடந்ததுதான்” என்றேன்.

“நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்” என்று பெருவிரலை நீட்டினார். நான்தான் அதைப் பிடித்து மையில் அழுத்தினேன்.