கரும்பு வரப்புக் கீழாநெல்லி

கீழாநெல்லிச் சாறு குடித்தே யாருக்கோ கல்லீரல் கொழுப்பு கரைந்துபோய்விட்டதாம். பாகூர் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள் என்று பக்கத்து வீட்டுக் கஸ்தூரி வந்து சொன்னாள். கேட்டதுமே அமுதத்துக்கு நிஜாமுதீன் பாயின் நினைப்புதான் வந்தது.

நெட்டப்பாக்கத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர் பாய். புயலன்று கரையாம்புத்தூர் ரோடு வெள்ளக்காடாகக் கிடந்தபோது, லோடு ஆட்டோவிலிருந்த சரக்கை இறக்கிப் போட்டுவிட்டு, அமுதத்தின் மகளைப் பிரசவத்துக்கு ஏற்றிப்போனவர். பேரன் சிரிக்கும்போதெல்லாம் அமுதம் அவரைக் கும்பிட்டுக்கொள்வாள். அவருக்குத்தான் ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் கரும்பு வரப்பில் கீழாநெல்லியைப் பிடுங்கி, அலசி, அரைத்துப் பிழிந்து, சாற்றை பாட்டிலில் ஊற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள்.

"இன்னா பாய், டாக்டர் நடக்கச் சொன்னாராமே?"

"நடக்கறன்ம்மா. கல்லாவுலேர்ந்து பருப்பு மூட்ட வரைக்கும்."

"நல்லா நடந்தீங்க! இந்தாங்க, குடிங்க."

பாய் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மூலிகைய ஆராய்ச்சிதான் பண்ணிக்கினு இருக்காங்க, இன்னும் உறுதியா சொல்ல முடியாதுன்னாரு டாக்டர். ஆனா நீ இவ்ளோ தூரம் எடுத்தாந்துக்கிற. வேணாம்னுவனா? நோன்பு தொறந்ததும் மொதல்ல இதான்."

மனம் குளிர வீடு திரும்பினாள். சாயங்காலம், கணவர் தணிகைவேல் ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டிருந்தபோது சந்தோஷமாகச் சொல்ல, அவர் கை அப்படியே நின்றது.

"எந்த வரப்புலடி புடுங்குன?"

"வடக்கால. ஏன்?"

"நேத்துதான்டி அங்க களைக்கொல்லி அடிச்சன்!"

"யோவ்! செடி பச்சப்பசேல்னு இருந்துச்சேயா!"

"அடிச்ச மறுநாளே கருகிடுமா? அதுக்கு நாளாவும்."

அமுதம் போனைத் தேடி எடுத்தாள். பாய் நோன்பு வைத்திருக்காவிட்டால் அவள் எதிரிலேயே குடித்திருப்பார். பொழுது சாய்ந்து பாங்கு சொல்கிறவரை தண்ணீர்கூடத் தொடமாட்டார். 'அல்லாவே, உனக்குக் கோடிப் புண்ணியம்' என்று வாய்விட்டே சொன்னாள்.

போன் போட்டாள். எடுக்கவில்லை. நோன்பு நாளில் இந்த நேரம் கடையில் கூட்டம் நெரியும். போன் கல்லாவில் எந்தப் பொட்டலத்துக்கு அடியில் கிடக்கிறதோ!

"வண்டிய எடுயா!"

தணிகைவேல் ஈரக்கையோடு பைக்கை உதைத்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தவள் மறுபடி போட்டாள். சூரியன் கரும்புத் தோகைக்கு மேலே இன்னும் நின்றிருந்தது. 'எடுங்க பாய், எடுங்க' என்று முணுமுணுத்தபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.