ஃபேன் காற்றில் உருண்ட லீவு

போன ஞாயிற்றுக்கிழமை மகளை ஒரு மாலுக்குக் கூட்டிப்போயிருந்தேன். கனமான பந்தை உருட்டிவிட்டு, தூரத்தில் நிற்கும் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டு. என் முறை வந்ததும் அங்கே வேலை பார்ப்பவரிடம், "சார், ஏசி காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மகள் நாலடி தள்ளிப்போய், நான் யாரோ என்பதுபோல் நின்றுகொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. உருளுகிற பந்தைக் கண்டதும் காற்றைத் தேடுவது எனக்கு ஒரகடத்தில் பிடித்த வியாதி.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கார் சீட்டுக்கு ஃபோம் வார்க்கிற கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அந்த ஃபோமுக்கு ஒரு வாசனை உண்டு. சூடான ரப்பரோடு கெட்ட மீனைச் சேர்த்த மாதிரி இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். நானும் மானம் பார்க்காமல் காலை நீட்டித் தூங்குவேன்.

கழிவு ஃபோமை உருட்டி, மேலே டேப் சுற்றிச் செய்ததுதான் எங்கள் பந்து. அது சூப்பர்வைசர் குணா அண்ணனின் டிராயரில் இருக்கும். எங்கள் மெஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர்தான்: நானும், பக்கத்து ஊரான வல்லத்துக்காரன் லூர்தும். ஒருவன் லீவில் போனால் மற்றவன் இருந்தாக வேண்டும். இருவரும் ஒரே நாளைக் கேட்டால் டீ பிரேக்கில் பந்து வெளியே வரும். டிராலி போகிற மஞ்சள் கோட்டுப் பாதையின் அந்தக் கடைசியில் தண்ணீர் பாட்டில் வைக்கப்படும். யார் பந்து பாட்டிலுக்குக் கிட்டே நிற்கிறதோ அவனுக்கு லீவு. முன்பெல்லாம் சீட்டுக் குலுக்கிப் போட்டார்களாம். சீட்டை மடித்த விதத்தில் மோசடி என்று சட்டையைப் பிடித்துக்கொண்டதால் இந்த ஏற்பாடு.

பாதையின் நடுவில், இடப்பக்கம், ஆளுயர ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். வில்லன் அதுதான். பந்து நேராகப் போகும். ஃபேனுக்கு எதிரே வந்ததும் வலப்பக்கம் சாயும். காற்றைத் தாண்டிய பிறகும் சாய்ந்த வாக்கிலேயே போகும். லூர்து தலையில் கை வைத்துக்கொள்வான்.

"மெதுவா உருட்னா காத்து இட்டுக்கினு பூடுது. வேகமா உட்டா குதிக்குது. இன்னாதான் பண்றது?"

குதித்தால் ஆட்டம் செல்லாது. நான் சாப்பாட்டு நேரத்தில் பழகிப் பழகி ஒரு வழி கண்டுபிடித்தேன். பாட்டிலைப் பார்க்கவே கூடாது. இடப்பக்க ரேக்கின் காலைக் குறிவைத்து உருட்டினால், மிச்சத்தைக் காற்றே பார்த்துக்கொள்ளும். விஞ்ஞானியாகிவிட்ட மிதப்பில் திரிந்தேன்.

அந்தச் சமயத்தில் அம்மா ஒரு போட்டோ அனுப்பினாள். சிரிப்பை அடக்கத் தெரியாமல் நிற்கிற ஒரு பெண். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வர வேண்டும், அடுத்த வாரம் வேறு மாப்பிள்ளை வருகிறார் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதே ஞாயிறு லூர்தின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அன்றைக்கு எங்களுக்குக் கட்டாய ஓவர்டைம். டிராயர் திறந்தது.

லூர்து முதலில் உருட்டினான். பாட்டிலுக்கு ஒரு முழம் வலப்பக்கம் போய் நின்றது. நான் மனதுக்குள் பஸ் ஏறிவிட்டேன். ரேக்கின் காலைப் பார்த்துப் பந்தை விட்டேன். அது பாதி வழி போவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஃபேன் முனகிக்கொண்டே அடங்கியது. தள்ள ஆள் இல்லாத பந்து நேராகப் போய் ரேக்கின் காலையே முட்டியது. அவ்வளவு துல்லியமாக நான் அதற்கு முன் உருட்டியதே இல்லை.

"கரண்டு போனதுக்கு நான் என்னண்ணே பண்ணுவேன்?"

"உனுக்கு மட்டுமா போச்சு? ஊருக்கே போச்சு" என்றார் குணா அண்ணன்.

லூர்துதான் குறுக்கே வந்தான். "போனா போவுதுணா, இன்னொரு தபா உருட்டட்டும். பொண்ணு பாக்கப் போறான்."

ஜெனரேட்டர் இன்னும் எழவில்லை. காற்று இல்லை என்பதால், இந்த முறை பாட்டிலையே குறிவைத்தேன். பந்து அழகாகப் போனது. ஃபேனைத் தாண்டப்போகிற நேரத்தில் வெளியே ஜெனரேட்டர் உறுமியது, ஃபேன் சுழன்றது. என் பந்து வலப்பக்கம் ஒதுங்கி, லூர்தின் பந்து நின்ற இடத்தையும் தாண்டிப்போய்க் குணா அண்ணனின் ஷூவில் இடித்து நின்றது. மொத்த லைனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

"ஏண்டா, பொண்ணு பாக்க வாடான்னா பந்து உருட்டிக்கிட்டா இருந்தே?" என்றாள் அம்மா. அந்த வேறு மாப்பிள்ளைக்கே முடிந்துவிட்டது. எனக்கு நிஜமாகவே வலித்தது. திங்கட்கிழமை லூர்து கேக்கும் பிரியாணியும் கொண்டுவந்து, நான் தின்று முடிக்கிறவரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

இப்போது அந்தப் பாதையில் ஆளில்லா வண்டி ஓடுகிறது. எந்தக் காற்றுக்கும் அது மயிரிழை விலகாது. குணா அண்ணன் ரிடையர் ஆகிவிட்டார். லூர்து மறைமலை நகரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். லீவைச் செல்போன் ஆப்பில்தான் கேட்க வேண்டும். போன மாதம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்குக் கேட்டேன். கேட்ட கையோடு சிவப்பு எழுத்தில் இல்லை என்று வந்தது. யாரிடமாவது சொல்லிப் புலம்பலாமென்று பக்கத்து மெஷின்காரர் பக்கம் திரும்பினேன். கூப்பிடலாமென்றால், அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை.