நீலக் கதவு

கிர்கிஸ்தானில் மருத்துவம் படித்தபோது, ஒரு குளிர்கால விடுமுறைக்குத் தோழி ஐனூராவின் ஊருக்குப் போனேன். நிலக்கரிக்காகவே கட்டிய ஊர் அது. சோவியத் நாடு உடைந்ததும் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து குடியேறியவர்கள் கிளம்பிப் போனார்கள். மிஞ்சியவர்கள் கையால் தோண்டிய கரியை விற்றுத்தான் ரொட்டி வாங்கினார்கள். குளிருக்கு எரித்ததெல்லாம் காலி வீடுகளின் கதவுகள்.

ஐனூராவின் அம்மா ஒவ்வொரு பலகையையும் அடுப்பில் வைக்கும்போது, அது யார் வீட்டுக் கதவு என்று சொல்வார்.

“இது லாரி டிரைவர் வீடு. இது டீச்சர் வீடு.”

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த எனக்கு அந்தக் குளிர் தாங்கவில்லை. நான் நடுங்குவதைப் பார்த்து, அதே கட்டிடத்தின் மேல்மாடிக்குப் போய் ஒரு நீலக் கதவைக் கழற்றி வந்தார். அதை எரித்தபோது மட்டும் எதுவும் சொல்லவில்லை. மாஸ்கோவுக்குப் போன அவர் மகன் வீட்டுக் கதவு என்று மறுநாள் ஐனூராதான் சொன்னாள். அவன் வருவான் என்று பல வருடங்கள் தொடாமல் வைத்திருந்தாராம்.

அடுத்த கோடையில் எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்கு வந்தேன். திராட்சைத் தோட்டத்திலிருந்து திரும்பிய அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“அந்தப் பிள்ள வரவே இல்லியா ஆத்தா?”

“இல்லம்மா.”

“வரமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவுக எப்பவோ அத எரிச்சுக் குளிர் காஞ்சிருப்பாக.”

எழுந்து போய், தூசி அடையக்கூடாது என்று என் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

படிப்பு முடிந்தாலும் ஊருக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதைச் சொல்லத்தான் அந்தக் கோடையில் வந்ததே. இன்றுவரை சொல்லவில்லை.